அடங்கிப்போவதும் அணிதிரள்வதும்



தமக்குக் கேடு செய்யும் ஏற்றத்தாழ்வை மக்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதே இக்கருத்தரங்கின் கேள்வி. பரிணாம உளவியல் தரும் முதல் விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்று நார்வே விலங்கியலாளர் ஷெல்டரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் காட்டினார். வரிசை நிலைத்துவிட்டால் சண்டை குறையும். தோற்கப்போகும் சண்டையில் இறங்கி அடிபடுவதைவிட ஒதுங்கிக்கொண்டால் உயிர் தப்பும். இந்தக் கணக்கு நம்மிடமும் ஆழமாகப் படிந்திருக்கிறது. இரண்டு உருவங்கள் எதிரெதிரே வந்தால் சிறியதுதான் பெரியதற்கு வழிவிடும் என்று பேச்சு வராத குழந்தைகளே எதிர்பார்க்கின்றன. 2011இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு இது.

பலர் இந்த இடத்திலேயே நின்று, 'இயற்கை அப்படித்தான்' என்று முடித்துவிடுகிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அடிக்குப் பயந்து ஒதுங்குகிறவர் அந்த ஒழுங்கை நியாயம் என்று ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை. திறமைசாலியிடம் கற்றுக்கொள்ள விரும்பி மனமுவந்து தரும் மதிப்பும் வேறு வகை. ஆய்வாளர்கள் ஹென்ரிக்கும் கில்-ஒயிட்டும் 2001இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது சரியல்ல.

ஒதுங்கிப்போவது மட்டுமே மனித இயல்பும் அல்ல. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் ஜூஹோவான்சி மக்களைப் பாருங்கள். அவர்களிடையே 1960களில் களஆய்வு செய்த மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ, கிறிஸ்துமஸ் விருந்துக்காக நல்ல கொழுத்த எருது ஒன்றை வாங்கினார். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஏளனம் செய்தார்கள்: வெறும் எலும்பு, கிழட்டு மாடு, இதை வைத்து யார் வயிறு நிறையும்? லீ மனம் நொந்துபோனார். விருந்தன்று வெட்டிப் பார்த்தால் ஊரே உண்ணும் அளவுக்குக் கொழுப்பும் கறியும். பிறகுதான் காரணம் சொன்னார்கள். பெரிய வேட்டையோடு வரும் இளைஞன் தன்னைத் தலைவன் என்றும் மற்றவர்களைத் தன் வேலைக்காரர்கள் என்றும் எண்ணத் தொடங்கிவிடுவான். அந்தச் செருக்கு ஒருநாள் யாரையாவது கொன்றுவிடும். அதனால் அவன் கொண்டுவரும் கறியை எப்போதும் மட்டம் தட்டுவோம் என்றார்கள். கறியைப் பங்கிடும் உரிமையும் அம்பு எய்தவனுக்கு இல்லை, அம்புக்குச் சொந்தக்காரருக்கே. அம்புகளோ கைமாறிக்கொண்டே இருக்கும்.

இத்தகைய வழக்கங்களைப் பல வேட்டைச் சமூகங்களிலிருந்து திரட்டிய மானிடவியலாளர் கிறிஸ்டோபர் போம், 1999இல் ஒரு முடிவுக்கு வந்தார். அதிகாரம் செய்யும் ஆசை மனிதனுக்கு உண்டு. அதிகாரம் செய்கிறவனைக் கூடிநின்று அடக்கும் ஆற்றலும் அதே அளவு தொன்மையானது. கேலி, ஒதுக்கிவைத்தல், கடைசியில் கொலை வரை அது நீளும்.

அப்படியானால் நம் கேள்வி திரும்பி நிற்கிறது. இந்த ஆற்றல் எங்கே போயிற்று? என் பார்வையில் இதற்கு மிகக் கூர்மையான விடை அம்பேத்கரிடம் இருக்கிறது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசிய படிநிலைச் சமத்துவமின்மையை எண்ணிப்பாருங்கள். சாதிப் படிகள் பல இருக்கும்போது, மிதிபடுகிறவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் கிடைத்துவிடுகிறார். மேலே இருப்பவரை எதிர்க்கக் கூட்டு சேர்ந்தால், கீழே இருப்பவர் மீதுள்ள சின்ன மேன்மையை இழக்க வேண்டும். போம் சொன்ன கூட்டணி உருவாகும் முன்பே உடைந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இணக்கமாகத் தெரிகிறது.

ஆகவே இங்கே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஏற்கிறீர்களா' என்று வினாநிரலில் கேட்டு, விழுந்த விடையை மனித இயல்பு என்று எழுதிவிடாதீர்கள். யார் யாரோடு உட்கார்ந்து உண்கிறார்கள், யார் வீட்டில் பெண் எடுக்கிறார்கள், கூலி உயர்வு கேட்கப் போகும்போது எந்தத் தெருக்காரர் உடன் வருகிறார், எந்தத் தெருக்காரர் வருவதில்லை என்று விசாரித்து எழுதுங்கள்.