பழைய கிதாரும் பெயர் தெரியாத கைகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



விடுதியில் என் கிதார் சத்தத்தால் தூக்கம் கெட்டவர்கள் பலர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், இன்றைக்கு நான் கிதார் கொண்டு வரவில்லை! வெறும் பேச்சுதான்.

பழைய கிதார் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். அதைத் தேடித்தான் அமெரிக்காவில் ஊர் ஊராகக் காரில் சுற்றினேன். முதலில் போனது மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ. அங்கே பார்சன்ஸ் தெருவில் 1917-ல் கட்டிய கிப்சன் தொழிற்சாலை இருக்கிறது. 1984-ல் கம்பெனி நாஷ்வில்லுக்குப் போய்விட்டது. ஊரை விட்டுப் போக மனமில்லாத தொழிலாளர்கள் சிலர், மறு வருடமே அதே கட்டடத்தில் 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் சொந்தமாகக் கிதார் செய்ய ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதும், அந்தப் பட்டறையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். போர் முடிகிறவரை ஆயிரக்கணக்கான கிதார்களைச் செய்தவர்கள் அவர்கள்தான். இன்று அந்தக் கிதார் ஒன்று நம் பணத்தில் பல லட்சம் போகும். ஆனால் அவர்கள் பெயர் எந்தக் கிதாரிலும் இல்லை. தொழிற்சாலை வாசலில் அவர்கள் கூட்டமாக நின்று எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்த ஜான் தாமஸ் என்பவர், உயிரோடிருந்தவர்களை வீடு தேடிப் போய்க் கேட்டு எழுதினார். 2013-ல் புத்தகம் வந்தது. அதற்குள் எழுபது வருடம் ஓடிவிட்டது!

கிதார் செய்த ஊரைப் பார்த்தாயிற்று, வாசித்த ஊரையும் பார்ப்போம் என்று தெற்கே மிசிசிப்பிக்கு வந்தேன். 61-ஆம் நெடுஞ்சாலையின் இருபுறமும் பருத்திக் காடு. 2006 முதல் அந்த மாநிலத்தில் சாலையோரமெல்லாம் நீலநிறப் பலகைகள் நட்டு, எந்தப் பாடகர் எங்கே வாழ்ந்தார், பாடினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர் மடி வாட்டர்ஸ். 1941-ல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு தேடி வந்து அவரைப் பாடச் சொன்னார்கள். தன் குரலைத் தானே கேட்டதும் அவருக்கு நம்பிக்கை வந்தது. 1943-ல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அவர் குடியிருந்த மரவீடு இப்போது கிளார்க்ஸ்டேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வீட்டின் ஒரு பலகையிலிருந்து ஒரு கிதாரே செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நம் விடுதி ஞாபகம் வந்தது.

நம் விடுதி வாட்ச்மேன் தாத்தாவை நினைவிருக்கிறதா? ராத்திரி தகர டப்பாவில் தாளம் போட்டுப் பாடுவாரே! எனக்குத் தாளம் பிடிபட்டது அவரிடம்தான். நாலு வருடமும் 'தாத்தா' என்றுதான் கூப்பிட்டேன். ஊர் எது, பெயர் என்ன, அந்தப் பாட்டெல்லாம் யாரிடம் கற்றார் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. போன மாதம் அலுவலகத்தில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான மைல் போய் யாருடைய பாட்டையோ தேடிய எனக்கு, பக்கத்து அறைப் பாட்டு போய்விட்டது.

மாணவச் செல்வங்களே, உங்கள் சட்டைப் பையிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பாட்டியிடம், பந்தல் போடுகிறவரிடம், கோயில் மேளக்காரரிடம் ஒரு பாட்டு கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆனால் முதலில் பெயரைக் கேளுங்கள்.

தாத்தாவின் பெயர் இங்கே யாருக்காவது தெரிந்தால், சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து சொல்லுங்கள். காத்திருப்பேன்.