மூன்றாம் மாடி கிடார்ச் சத்தம்

(நம் குடியிருப்போர் சங்கப் பொங்கல் விழாவில் பேசியது)

சாயங்காலம் மூன்றாம் மாடியிலிருந்து 'டொய்ங் டொய்ங்' என்று கேட்கிறதே, அது நான்தான். முதலில் மன்னிப்பு.

பையன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கிடார் அது. ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். "சாப்டியாப்பா?", "அங்க மழை உண்டா?" அதோடு சரி, இரண்டு நிமிஷம். ஒருநாள் கிடாரைத் தூசி தட்டிக்கொண்டே, "இதுல எங்கேர்ந்துடா ஆரம்பிக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினான். அவனுக்குப் பிடித்தது ஜாஸ். அதனால் எனக்கும் ஜாஸ்.

ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்டுகள்: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். 'சி'யை சட்ஜமாக வையுங்கள். முதலாவது ரி-ம-த-ச, அடுத்தது ப-நி-ரி-ம, கடைசி ச-க-ப-நி. அத்தனையும் நம் சங்கராபரணம்! திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில பேண்ட் மெட்டுகளுக்கு சாகித்யம் செய்த நோட்டுஸ்வரங்களும் அதே ராகம்தான்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் எனக்கு இடது மோதிர விரல் முழுசாக மடங்காது. முழு கார்டு பிடிக்க முடியவில்லை. விட்டுவிடலாம் என்றிருந்தேன். மூன்று தந்தி போதும் என்றான் பையன். ஐந்தாவது தந்தியில் 5-ஆம் கட்டம், நாலாவதில் 3, மூன்றாவதில் 5. அடுத்த கார்டுக்கு ஆறாவதில் 3, நாலாவதில் அதே 3, மூன்றாவதில் 4. பிறகு ஐந்தாவதில் 3, நாலாவதில் 2, மூன்றாவதில் அதே 4. கவனியுங்கள், அடித்தந்தியை விட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு விரல்தான் ஒரு கட்டம் இறங்குகிறது. முதலில் 'ச' 'நி' ஆகிறது, அப்புறம் 'ம' 'க' ஆகிறது. 36 வருஷம் வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு இந்தச் சிக்கனம் பிடித்துப்போயிற்று.

கவுண்ட் பேஸி குழுவில் ஃப்ரெடி கிரீன் என்றொருவர், 1937 முதல் 1987-ல் இறக்கும்வரை கிடார் வாசித்தார். தனியாவர்த்தனமெல்லாம் அபூர்வம். நாலு அடிக்கு நாலு தட்டு, அவ்வளவுதான்.

கார்டைவிட நடைதான் படுத்துகிறது. 'ஸ்விங்' என்பார்கள். முதல் மாடியில் தவில் வாசிக்கும் தம்பி ஒரே நிமிஷத்தில் புரியவைத்தார்: "தகிட சொல்லுங்க சார், நடுவுல 'கி'யை மட்டும் முழுங்கிடுங்க." ஆனால் கை தட்டுவது இரண்டாவது, நாலாவது அடியில். நமக்கோ கை தானாக முதல் அடியில் விழுகிறது!

கீழ்வீட்டு அம்மா, "பொண்ணுக்கு ப்ளஸ் டூ பரீட்சை சார்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நியாயம். பரீட்சை முடியும்வரை வீட்டில் வாசிக்க மாட்டேன். மாலை ஐந்திலிருந்து ஆறுவரை சங்கக் கூடத்தில்தான். செயலாளர் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாளம் போடத் தெரிந்தவர்கள் வாருங்கள். இரண்டிலும் நாலிலும் தட்ட ஆள் வேண்டும்.