எரிவது யார், அணைப்பது யார்?



வெண்மணியில் எரிந்த 44 பேரின் நினைவாக நடக்கும் உரை இது. 1968 டிசம்பர் 25 இரவு, உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அங்கேயே வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூடுதல் கூலி நெல். மிராசுதார்களின் கண்ணில் அதைவிடப் பெரிய குற்றம், அவர்கள் சங்கமாகச் சேர்ந்தது.

தீ வைத்தவர்களைப் பற்றி இதுபோன்ற மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம், இனியும் பேசத்தான் வேண்டும். இன்று நான் எடுத்துக்கொண்டது வேறு கேள்வி. தீயை அணைப்பவர் யார்? அவருக்கு ஆகும் செலவை வெட்டினால் எரிவது யார்? அந்த வெட்டை எதிர்த்துப் பேச அவருக்குச் சங்கம் உண்டா?

ஏப்ரல் 14 நமக்கு எந்த நாள் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே நாள் தேசியத் தீயணைப்புச் சேவை நாளும் ஆகும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அன்றைக்கு வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நாம் சிலைக்கு மாலை போடுகிறோம். தீயணைப்பு நிலையத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

நாம் கூடியிருக்கும் சென்னீர்குப்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஆவடி சாலையில் பூந்தமல்லியை ஒட்டிய ஊர். கனரக லாரிகள், குடோன்கள், பட்டறைகள், அவற்றில் வேலை செய்கிறவர்கள் அடைந்து கிடக்கும் வாடகை லைன் வீடுகள், தகரக் கூரைகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை நகரமாக எண்ணியது. நிர்வாகம் இதை நீண்ட காலம் ஊராட்சியாகவே வைத்திருந்தது. இதில் என்ன வந்துவிட்டது என்று நினைக்கலாம். நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தீயணைப்பு நிலையம், கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்பது தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளின் பொறுப்புகளில் தீயணைப்பு இருக்கிறது. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் அது இல்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறைதான். ஆனாலும் ‘கிராமம்’ என்ற முத்திரை ஓர் ஊரின் பங்கைச் சுருக்கிவிடும். ஆலை நகரத்துக்கு உரியது, அணைக்கும் ஏற்பாடு கிராமத்துக்கு உரியது என்றால், இடையில் சிக்கிக்கொள்பவர் தொழிலாளி.

இந்தச் சண்டையைச் சங்கம் வைத்துப் போட்டவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். 2014 ஜனவரியில், மேயர் போரிஸ் ஜான்சனின் சிக்கனத் திட்டப்படி அந்நகரின் 10 தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 14 வண்டிகள் போயின, 552 பணியிடங்கள் ஒழிந்தன. முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்துக்குள் வரவேண்டும் என்ற இலக்கு கெடாது என்றது நிர்வாகம். 1918 முதல் இயங்கும் தீயணைப்புத் தொழிலாளர் சங்கம் அதை ஏற்கவில்லை. வெட்டினால் உயிர் போகும் என்று முன்கூட்டியே சொன்னது, தெருவில் இறங்கியது.

சராசரி என்ற சொல்லை நாம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஊரையும் சேரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதுதான் சராசரி. ஊருக்கு 4 நிமிடம், சேரிக்கு 20 நிமிடம் என்றால், சராசரி 12 என்று ஏட்டில் எழுதிவிடலாம். 12 நிமிடத்தில் யார் வீட்டுக்கும் வண்டி வந்திருக்காது.

2017 ஜூன் 14 அன்று அதே லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தார்கள். நகரின் பணக்காரப் பகுதி ஒன்றில், வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த உழைக்கும் மக்கள், குடியேறிகள். ஆபத்து இருக்கிறது என்று குடியிருப்போர் குழு முந்தைய ஆண்டே எழுதியிருந்தது, யாரும் காதில் வாங்கவில்லை. நிலையங்களை மூடியதால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எளிதில் எரியும் மேலுறை, அதை விற்ற நிறுவனங்கள், கண்டுகொள்ளாத அரசு என்று விசாரணை ஆணையம் குற்றவாளிகளை அடுக்கியது. மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிக்கொண்டிருந்த தீயணைப்புப் படையையும் அது விடவில்லை. இதில் சங்கங்களுக்கும் பாடம் இருக்கிறது. வெட்டை எதிர்ப்பதோடு, தன் துறையின் தவற்றைப் பார்க்கும் கண்ணும் சங்கத்துக்கு வேண்டும். குடியிருப்போர் குரலும் பணியாளர் குரலும் ஒன்று சேராத இடத்தில் தீ ஜெயிக்கிறது.

இங்கே வெட்டு வேறு உருவத்தில் வருகிறது. நிலையத்தை மூடினால் செய்தியாகும். கட்டாத நிலையம் செய்தியாவதில்லை. நிரப்பாத காலியிடத்துக்கு யாரும் ஊர்வலம் போவதில்லை. உள்ளே இருக்கும் வீரர் ‘ஆள் போதவில்லை’ என்று பத்திரிகையிடம் சொன்னால், அரசை விமர்சிக்கக் கூடாது என்ற நடத்தை விதி குறுக்கே நிற்கும். சங்கம் சேரும் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை, போலீசுக்கும் ராணுவத்துக்கும் மட்டுமே விலக்கு தர இடம் விடுகிறது. தீயணைப்பாளர் அந்த விலக்கில் வரமாட்டார். இந்தியா அந்த உடன்படிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. 2003இல் சலுகைப் பறிப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தமிழக அரசு ஊழியர், ஆசிரியர்களில் சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அரசு ஊழியரின் உரிமையே அல்ல என்றது உச்ச நீதிமன்றம். 1938இல் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்க வந்த மசோதாவை எதிர்த்து நவம்பர் 7 அன்று பம்பாயில் தொழிலாளரைத் திரட்டிய அம்பேத்கரின் நாடு இது.

தீயணைப்பு வீரரும் நம் மக்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது கழிவுநீர்த் தொட்டி. உள்ளே இறங்கிய தொழிலாளி மயங்கி விழுந்த பிறகுதான் தீயணைப்பு வண்டிக்குப் போன் போகிறது. வீரர் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இறங்குகிறார். அதில் தவறில்லை, அவர் உயிரும் உயிர்தான். ஆனால் முதலில் இறங்கியவருக்கு அந்தக் கருவி ஏன் இல்லை? 2013ஆம் ஆண்டின் சட்டம் அப்படி இறக்குவதையே குற்றம் என்கிறது. இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. பிணத்தை எடுக்கவும் பணம் கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. இறங்காமல் தடுக்கத்தான் காசில்லை என்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பெரும்பாலும் தலித் பெண்கள். ‘செலவைக் குறைக்கிறோம்’ என்றால் யாருடைய கூலியைக் குறைக்கிறார்கள் என்பதை ஊருக்கே காட்டினார்கள். அந்தப் போராட்டத்தின் பாடம் தீயணைப்புக்கும் பொருந்தும். பொதுச்சேவை சுருங்கும்போது, அதில் வேலை செய்பவரும் அதை நம்பி வாழ்பவரும் சேர்ந்தே அடிபடுகிறார்கள்.

மாணவர்களுக்குச் சில வேலைகள். உங்கள் காலனித் தெருவின் அகலத்தை அளந்து எழுதுங்கள். தீயணைப்பு வண்டி உள்ளே வருமா, எங்கே நின்றுவிடும், தண்ணீர் எங்கே எடுக்கும் என்று குறியுங்கள். உங்கள் பகுதி நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தீயணைப்பை மேம்படுத்த 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்து ஒன்றிய அரசு அறிவித்த 5,000 கோடியில் உங்கள் வட்டாரத்துக்கு என்ன வந்தது என்றும் கேளுங்கள். பதிலை வார்டு கூட்டத்திலோ கிராம சபையிலோ வாசியுங்கள். உள்ளே இருப்பவர் பேச முடியாததை வெளியே இருக்கும் நாம் பேசலாம். நம்மை எந்த நடத்தை விதியும் தடுக்கவில்லை.

வருகிற ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட்ட பிறகு, அப்படியே நடந்து பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போவோம். அந்த 66 பேருக்கு அஞ்சலி சொல்வோம். பிறகு, கையில் இருக்கும் அந்தக் கணக்கை அதிகாரியிடம் மனுவாகக் கொடுப்போம்.