எம்டன் மடிந்த தீவில் ஒரு சிப்பாய்க் கலகம்

(விஷ்ராந்த்வாடியில் நடந்த மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பட்டாளமும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் சூழ்ந்த ஊரில் வாழ்கிறோம். நம் குடும்பங்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பலர். அந்தமானிலும் கார் நிக்கோபாரிலும் லட்சத்தீவிலும் காவல் இருந்த பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால், "அங்கே என்ன இருக்கிறது, கடலும் தென்னை மரமும்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் உண்மை வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

கெட்டிக்காரனை, எமகாதகனை, "அவன் சரியான எம்டன்" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அந்தச் சொல் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன கப்பல் அது. அதன் கதை அதே ஆண்டு நவம்பர் 9-ந் தேதி கொகோஸ் தீவுகளில் முடிந்தது. அங்கிருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிக்கப் போன இடத்தில், சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதை அடித்து நொறுக்கியது. சென்னையைக் கலக்கிய எம்டனைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே தீவுகளில் 28 ஆண்டுகள் கழித்து, நம் பக்கத்து நாடான இலங்கையைச் சேர்ந்த சிப்பாய்கள் நடத்திய கலகம் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொகோஸ் என்பது கொழும்பிலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டர் தள்ளி, இந்துமாக் கடலின் நடுவில் கிடக்கும் 27 சிறு பவளத் தீவுகள். அவற்றைக் குளூனிஸ் ராஸ் என்ற ஒரே குடும்பம் பரம்பரையாக ஆண்டது. தென்னந்தோப்புகளில் வேலை செய்ய மலாய் மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது உண்மையான பணம் அல்ல. முதலாளி அடித்துக் கொடுத்த வில்லைகள். அந்த வில்லை முதலாளியின் கடையில் மட்டும்தான் செல்லும். தோழர்களே, தோட்டக் கூலி, கங்காணி, துண்டு, பற்றுக் கணக்கு என்பதெல்லாம் நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சொற்கள். கொகோஸ் தொழிலாளியின் நிலையை நமக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1978-ல் ஆஸ்திரேலிய அரசு 62½ லட்சம் டாலர் கொடுத்து அந்தக் குடும்பத்திடமிருந்து நிலத்தை வாங்கும் வரை இந்த ஜமீன் ஆட்சி நீடித்தது.

இனி 1942-க்கு வருவோம். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சு மாதம் அந்தமானும், கொகோசுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குள் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு விழுந்தது. அப்போது கொகோசின் தந்தி நிலையத்தைக் காக்க, இலங்கைப் பீரங்கிப் படையின் ஒரு சிறு பிரிவு ஹார்ஸ்பர்க் என்ற தீவில் இருந்தது. அந்தத் தீவின் பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். இரண்டு பெரிய பீரங்கிகள். ஐம்பது சொச்சம் ஆட்கள். தலைமை அதிகாரி கேப்டன் கார்டினர். கொழும்பில் கணக்காளராக இருந்து போர்க்காலத்தில் அதிகாரி ஆக்கப்பட்ட ஆங்கிலேயர்.

இந்தச் சிப்பாய்களுடைய நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குள் எங்கே போவது? மேலதிகாரி ஒருவர்; அவர் வாயிலிருந்து வருவதே சட்டம். இலங்கையரை அவர் இழிவாகப் பார்த்தார் என்ற மனக்கசப்பு நாளுக்கு நாள் வளர்ந்தது. குறை சொல்ல வேறு ஆள் இல்லை. மனுப் போட இடம் இல்லை. ஊரில் குண்டு விழுகிறது, வீட்டில் என்ன ஆயிற்றோ தெரியாது. யாருக்காக இங்கே காவல் இருக்கிறோம் என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

எழுந்தது. கிரேஷன் பெர்னாண்டோ என்ற இளைஞர் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டார். அன்றைய இலங்கையில் சமசமாஜக் கட்சி பரப்பிய ஏகாதிபத்திய எதிர்ப்புக் கருத்துகள் அவரைத் தொட்டிருந்தன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது கோவிந்தன் என்ற தமிழ்த் தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானதும் அந்தக் காலத்து இலங்கைதான் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1942 மே 8 இரவு. அதிகாரிகளைக் கைது செய்வது, பீரங்கிகளைத் தந்தி நிலையம் இருக்கும் தீவின் பக்கம் திருப்புவது, ஜப்பானியருக்குச் செய்தி அனுப்புவது என்பது திட்டம். சுமார் 30 பேர் சேர்ந்தனர். ஆனால் முக்கியமான நேரத்தில் இயந்திரத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. கலகம் சில மணி நேரத்தில் அடங்கியது. அன்றிரவு செத்தது வெள்ளைக்காரர் யாருமல்லர். சமரிஸ் ஜெயசேகர என்ற இலங்கைச் சிப்பாய்தான்.

ராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. நால்வருக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கவுடர், பென்னி டி சில்வா ஆகிய மூவரும் 1942 ஆகஸ்டில் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். பெர்னாண்டோ வெள்ளையரிடம் மன்னிப்புக் கேட்க மறுத்தவர்.

அதன் பின் வந்தது நீண்ட மௌனம். போர்க்காலத் தணிக்கை செய்தியை அமுக்கியது. குடும்பங்கள் அவமானம் என்று வாய் மூடின. திரும்பி வந்த சிப்பாய்களும் பேசவில்லை. நோயல் குரூஸ் என்ற இலங்கைப் பத்திரிகையாளர் எஞ்சியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, ஆவணங்களைத் தோண்டி எழுதிய நூல் 2001-ல்தான் வந்தது. ஏறத்தாழ 60 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பேருடைய நினைவு அவர்களோடு சுடுகாட்டுக்குப் போயிருக்கும்!

தோழர்களே, இந்தக் கலகத்தை நாம் எப்படி மதிப்பிட வேண்டும்? அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் நம்பிய துணை நியாயமானதா? அதே அந்தமானைப் பாருங்கள். 1943 டிசம்பரில் நேதாஜி அங்கே கொடியேற்றினார். நம் தமிழர் டாக்டர் லோகநாதன் நிர்வாகியாக அனுப்பப்பட்டார். ஆனால் உண்மை அதிகாரம் ஜப்பானியரிடமே இருந்தது. 1944 ஜனவரி 30-ல் ஒற்றர்கள் என்று சொல்லி 44 இந்தியர்களை ஹம்ப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றார்கள். நான் ரயில்வேக்காரன், இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். ஓர் எஜமானை விரட்ட இன்னோர் எஜமானை அழைப்பது விடுதலை ஆகாது.

இதற்கு மாறாக 1946-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 18-ல், இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். அங்கேயும் தொடக்கம் மோசமான சாப்பாடும் அதிகாரியின் வசவும்தான். ஆனால் அவர்கள் தங்களுக்கென்று ஒரு வேலைநிறுத்தக் கமிட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் குண்டடிபட்டு மாண்டார்கள். அந்த எழுச்சியும் தோற்றது. ஆனால் வெள்ளை ஆட்சியின் அடித்தளத்தை ஆட்டியது. கொகோஸ் சிப்பாய்க்கு இல்லாமல் போனது இதுதான்: பக்கத்தில் நிற்க ஒரு மக்கள் கூட்டம்.

கடல் நடுவே மட்டுமல்ல தீவு இருப்பது. கட்டிட வேலைத் தகரக் கொட்டகையில், மொழி தெரியாமல், மேஸ்திரி சொல்வதே சட்டம் என்று கிடப்பவனும் தீவில்தான் இருக்கிறான். அவனிடம் போய்ப் பேச ஆள் வேண்டும். சங்கம் அதற்காகத்தான்.

கட்கியில் போர்க்கால கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வரிசை வரிசையாகக் கற்கள், சுத்தமான புல்தரை. மாண்டவர்களுக்கு மரியாதை செய்வது சரியே. ஆனால் உயிரோடு திரும்பி வந்து, நம் தெருவில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெரியவருக்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. எனவே படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தாத்தாவிடம், மாமாவிடம் உட்காருங்கள். எந்தத் தீவு, எந்த வருஷம், என்ன சாப்பாடு, கடிதம் எத்தனை நாளில் வந்தது, அதிகாரி எப்படி நடத்தினார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதைச் சங்கத்திடம் கொடுங்கள்; இந்த இதழில் வெளியிடுவோம். அறுபது ஆண்டு காத்திருக்க நம் பெரியவர்களுக்கு வயது இல்லை.