ஊர்க்கூட்டங்கள் எழுதிய அரசியல் சாசனம்



அமெரிக்க அரசியல் சாசனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாடு. கதவுகளைச் சாத்திக்கொண்டு கோடைக்காலம் முழுதும் பேசிய 55 பேரின் கதை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளையோ நம் பாடநூல்கள் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. சாசனத்தை எழுதும் உரிமை யாருக்கு, அதை ஏற்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்தது அந்தப் பதினோரு ஆண்டுகளில்தான். விடை கண்டவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத சிற்றூர்க்காரர்கள். அவர்களைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

1776 மே மாதம் அமெரிக்கக் குடியேற்றங்களின் பொது அவையான கான்டினென்டல் காங்கிரஸ், பிரிட்டிஷ் அரசருடைய ஆட்சி குலைந்துபோன குடியேற்றங்களெல்லாம் தமக்கென ஆட்சி அமைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. நியூ ஹாம்ப்ஷயரும் தென் கரோலினாவும் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. ஜூனில் வர்ஜீனியா, ஜூலையில் நியூ ஜெர்சி, செப்டம்பரில் பென்சில்வேனியா என்று பிரிட்டனுடன் போர் நடக்கும்போதே சாசனங்கள் பிறந்தன. கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் மட்டும் அரசர் தந்த பழைய பட்டயத்தையே வைத்துக்கொண்டன.

இவற்றில் துணிச்சலானது பென்சில்வேனியாவினுடையது. ஒரே அவை. தனி ஆளுநர் கிடையாது, 12 பேர் கொண்ட நிர்வாகக் குழு. வரி கட்டும் ஆண்களுக்கெல்லாம் வாக்கு. பொதுச் சட்ட முன்வரைவு எதுவானாலும் அதை அச்சிட்டு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அவசரம் இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தொடர் வரை அதைச் சட்டமாக்கக் கூடாது. ஆள்பவர்கள் மீது அவநம்பிக்கை கொண்ட மக்கள் எழுதிய ஆவணம் அது. 1790-இல் அதை மாற்றிவிட்டார்கள். அந்த அச்சிடும் விதியை மட்டுமாவது காப்பாற்றியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தச் சாசனங்களில் பெரும்பாலானவற்றில் ஓர் ஓட்டை இருந்தது. அன்றாட ஆட்சியை நடத்திக்கொண்டிருந்த அவைகளே அவற்றை எழுதின, அவைகளே நிறைவேற்றின. மக்களிடம் வாக்குக் கேட்கவில்லை. எழுதிய கையே நாளை அழித்து எழுதினால் தடுப்பார் யார்?

இந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டது மாசசூசெட்ஸிலுள்ள கான்கார்ட் என்னும் ஊர். 1776 செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றம், நாங்களே ஒரு சாசனம் எழுதலாமா என்று ஊர்களைக் கேட்டது. அக்டோபரில் கான்கார்ட் ஊர்க்கூட்டம் மறுத்தது. சாசனம் என்பது ஆள்வோரிடமிருந்து குடிமக்களைக் காக்க ஏற்பட்டது. சட்டமன்றமே அதை ஆக்கி, சட்டமன்றமே மாற்றலாம் என்றால் குடிமகனுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. ஆகவே இந்த ஒரு வேலைக்கென்றே தனிப் பேரவையைக் கூட்டுங்கள் என்றது அவர்களின் தீர்மானம். மேற்குக் கோடியில் பிட்ஸ்ஃபீல்டு மக்கள் இன்னும் பிடிவாதமாக நின்றார்கள். மக்கள் ஏற்ற சாசனம் வரும்வரை எந்த நீதிமன்றமும் எங்கள் பகுதியில் நடக்கக் கூடாது என்று தடுத்தேவிட்டார்கள்.

சட்டமன்றம் கேட்கவில்லை. தானே ஒரு வரைவை எழுதி 1778-இல் ஊர்களுக்கு அனுப்பியது. ஊர்கள் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தோற்கடித்தன. உரிமைப் பட்டியல் இல்லை என்றார்கள், பிரதிநிதித்துவம் சரியில்லை என்றார்கள். கறுப்பர்களுக்கும் பழங்குடிகளுக்கும் வாக்கில்லை என்ற விதியை எதிர்த்து எழுதிய ஊர்களும் உண்டு. போர் நடுவே, ஆட்சிக்குச் சரியான அடித்தளமே இல்லாத நேரத்தில், முறையாக வராத சாசனம் வேண்டாம் என்று அந்த மக்கள் சொன்னார்கள். அந்த மறுப்பை ஃபிலடெல்ஃபியாவுக்கு இணையான நிகழ்வாகவே நான் மதிக்கிறேன்.

1779 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் தனிப் பேரவை கூடியது. அதற்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொத்துத் தகுதி கேட்கவில்லை. 21 வயதான சுதந்திர ஆண் எவரும் வாக்களிக்கலாம். வரைவை எழுதியவர் ஜான் ஆடம்ஸ். 1780 வசந்தத்தில் அது ஊர்களுக்குப் போனது. ஊர்க்கூட்டங்கள் அதை விதி விதியாக எடுத்துக்கொண்டு விவாதித்தன. ஒவ்வொரு விதிக்கும் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எண்ணி, காரணங்களையும் எழுதிப் பேரவைக்கு அனுப்பின. மதபோதகர்களை ஊர்ச் செலவில் ஆதரிக்கச் சொன்ன மூன்றாம் விதி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது நிபந்தனை; அந்த விதிக்கு அவ்வளவு கிடைத்ததாகத் தெரியவில்லை. திருத்தம் கேட்டவர்களையும் ஆதரவாளர்களாகவே பேரவை எண்ணிக்கொண்டது என்று வரலாற்றாசிரியர் சாமுவேல் எலியட் மாரிசன் 1917-இல் எழுதிக் காட்டினார். வாக்குரிமையிலும் ஒரு கொடுமை நடந்தது. அந்தச் சாசனத்துக்கு வாக்களித்த ஏழை, அது நடைமுறைக்கு வந்ததும் 60 பவுண்டு சொத்து இல்லாததால் வாக்கிழந்தான். இந்தக் குறைகளை மூடி மறைத்துப் பாராட்டுவது நேர்மையாகாது.

ஆனாலும் அதன் முதல் விதி, மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றது. ஷெஃபீல்டில் ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தர் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். இந்தச் சமத்துவப் பேச்சு அவர் காதில் விழுந்தது. தியடோர் செட்விக் என்ற வழக்கறிஞரிடம் போனார். 1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவரையும் பிராம் என்ற மற்றோர் அடிமையையும் விடுவித்து, 30 ஷில்லிங் இழப்பீடும் கொடுக்கச் சொன்னார்கள். அதன்பின் எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெயரோடு அவர் வாழ்ந்தார். 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் அடிமை என்று ஒருவர்கூடப் பதிவாகவில்லை.

தேசிய அளவில் இதே காலத்தில் இருந்தது 1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள். வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை. திருத்த வேண்டுமானால் 13 மாநிலங்களும் இசைய வேண்டும். இறக்குமதிக்கு 5 விழுக்காடு வரி கேட்டபோது ரோட் ஐலண்டு ஒன்றே மறுத்து அதை முடக்கியது. 1786-இல் மேற்கு மாசசூசெட்ஸின் கடன்பட்ட விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்தபோது, அவர்களை அடக்கப் படை அனுப்பிய ஆளுநர் ஜேம்ஸ் பௌடாயின். 1780 சாசனத்தை வரைந்த மூவர் குழுவில் ஆடம்ஸோடு இருந்தவர் அவர். வலுவான மத்திய அரசு வேண்டும் என்ற குரல் அந்தக் கலகத்தால் ஓங்கியது.

ஃபிலடெல்ஃபியாவில் எழுதியவர்கள் இரண்டு அவைகளையும் மறுப்பதிகாரம் உள்ள நிர்வாகத் தலைவரையும் மாநில அனுபவத்திலிருந்தே எடுத்தார்கள். ஏழாம் பிரிவுதான் என் பார்வையில் முக்கியமானது. மாநிலச் சட்டமன்றங்களிடம் போகாமல், இதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவைகளிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று அது விதித்தது. 1776-இல் கான்கார்ட் கேட்டது இத்தகைய தனிப் பேரவையைத்தான். 1788 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் பேரவை 187-க்கு 168 என்ற வாக்கில் ஒப்புதல் அளித்தது, கூடவே திருத்தங்களையும் பரிந்துரைத்தது. மற்ற மாநிலங்கள் சிலவும் அவ்வழியில் சென்றன. 1791-இல் உரிமைகள் சாசனத்தில் ஏறின.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1778-லும் 1780-லும் அந்த ஊர்கள் எழுதியனுப்பிய பதில்களை ஆஸ்கர் ஹேண்ட்லினும் மேரி ஹேண்ட்லினும் தொகுத்து 1966-இல் நூலாக வெளியிட்டிருக்கிறார்கள். அரசியல் சாசன வகுப்பில் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளைப் படிக்கும்போது அதையும் எடுத்துப் படியுங்கள். உங்களில் ஒருவராவது அந்தப் பதில்களிலிருந்து சிலவற்றைத் தமிழில் கொண்டுவர வேண்டும்.