பிரட்டில் விழுந்தவளைத் தாங்கிய கைகள்

(மகளிர் தினக் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளக் கணக்கைப் பேசத்தான் நாங்களும் வந்தோம். அதைத் தலைவர் பேசிவிட்டார். எங்களுக்குக் கிடைத்த கால் மணி நேரத்தில் வேறொரு நாட்டுப் பெண்களின் கதையைச் சொல்கிறோம்.

பிரட்டு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெர்லினுக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் ராவன்ஸ்ப்ரூக் என்ற இடம். ஹிட்லரின் ஆட்கள் 1939 மே மாதம் அங்கே பெண்களுக்கென்றே ஒரு சிறைமுகாமைத் திறந்தார்கள். அங்கும் பிரட்டு உண்டு. விடியுமுன்னே, பனியிலும் மழையிலும், மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விழுந்தால் அடி. அதனால் காய்ச்சல்காரியை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தாங்கிக்கொள்வார்கள். அவள் பேசும் மொழிகூட இவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

ஆறு வருஷத்தில் 1,20,000-க்கும் அதிகமான பெண்கள் அந்த முகாமுக்குள் போனார்கள். தையற்கூடத்தில் சிப்பாய் உடுப்புத் தைத்தார்கள். பக்கத்திலேயே சீமென்ஸ் கம்பெனி பட்டறை போட்டது. கம்பெனி கொடுத்த கூலி எஸ்.எஸ். படைக்குப் போனது, வேலை செய்தவளுக்குத் தண்ணீர்ச் சூப்பும் ரொட்டித் துண்டும். ஜெர்மேன் தியோன் என்ற பிரெஞ்சுக்காரி, இந்த உழைப்பில் யாருக்கு எவ்வளவு இலாபம் என்று உள்ளேயே கணக்குப் போட்டு மற்றவர்களுக்கு இரகசியமாக விளக்கினார். சங்க வகுப்பு என்றால் அதுதான் வகுப்பு!

எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. கைதிகளிலேயே சிலரைக் கங்காணியாக்கி மற்றவர்களை அடிக்க வைத்தார்கள். ரொட்டி திருடியவர்களும் உண்டு. பசி அப்படி.

மார்கரெட்டே புபர்-நாய்மன் என்ற ஜெர்மன் பெண் அங்கே இருந்தார். அவர் முதலில் ஸ்டாலினின் முகாமில் கிடந்தவர். 1940-இல் ஹிட்லரின் பொலிஸிடம் ஒப்படைக்கப்பட்டவர். ரஷ்ய முகாமில் பட்டதைச் சொன்னதற்காகக் கம்யூனிஸ்ட் கைதிகள் அவரைத் துரோகி என்று ஒதுக்கினார்கள். பிராக் நகரத்துப் பத்திரிகைக்காரி மிலேனா யெசென்ஸ்கா அவருக்கு நட்பானார். "அவளா, நாங்களா?" என்று கேட்டார்கள். மிலேனா விடவில்லை. மார்கரெட்டேயை இருட்டறையில் அடைத்தபோது சீனியும் ரொட்டியும் ஒளித்து அனுப்பினார். 1944 மே மாதம் மிலேனா நோயில் இறந்தார். பிழைத்த மார்கரெட்டே தோழியைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

இதைப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. போன வருஷம் நம் டிவிசனில் ஒரு அக்கா வேறு சங்கத்துக்குச் சந்தா மாற்றினார். மறுநாளிலிருந்து மலையில் நாங்கள் அவரோடு பேசவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லை. முகாமையும் தோட்டத்தையும் ஒன்றாக்கவில்லை, அது வேறு. ஆனாலும் உறுத்தியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1942 ஆகஸ்டிலிருந்து 74 போலந்துப் பெண்களின் கால்களை டாக்டர்மார் வெட்டி, காயத்தில் கிருமியும் மரத்துண்டும் கண்ணாடியும் வைத்துச் சோதனை செய்தார்கள். முகாமில் அவர்களுக்கு "முயல்கள்" என்றே பெயர். அவர்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு அனுப்ப அனுமதித்த கடிதத்தின் வரிகளுக்கு நடுவே, தங்கள் சிறுநீரையே மையாகக் கொண்டு நடந்ததை எழுதினார்கள். வீட்டில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எழுத்துத் தெரியும். அப்படித்தான் செய்தி வெளியே போனது.

1945 பெப்ரவரியில், கட்டிடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு வந்தது. சாட்சியே இல்லாமல் கொல்லத்தான் என்று முகாம் முழுக்கப் புரிந்துகொண்டது. பல நாட்டுப் பெண்கள் சேர்ந்து அவர்களை ஒளித்தார்கள். தரைக்கு அடியில் ஒளித்தார்கள். வேறு கட்டிடங்களில் ஒளித்தார்கள். செத்தவளின் இலக்கத்தை உயிரோடிருப்பவளுக்கு மாட்டினார்கள். பிடிபட்டால் ஒளித்தவளுக்கும் சாவு. அந்த 74 பேரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் போருக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். நால்வர் நூரம்பேர்க் நீதிமன்றத்தில் அந்த டாக்டர்மார் முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள்.

நேற்று அந்தியில் நாங்கள் இரண்டு பேர் அந்த அக்காவின் காம்பராவுக்குப் போனோம். வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார். பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சந்தாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.