சூட்டு வலியும் அபாய வலியும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவு)



சாலையையும் பாசனத்தையும் பற்றிப் பேசும் மன்றத்தில் கர்ப்பிணிகளின் வயிற்று வலியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்வராயன் மலையில் சாலையும் பிரசவமும் வேறு வேறு விஷயங்கள் அல்ல. 1976-ஆம் ஆண்டு வரையில் இம்மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து மலையிறங்கி, கச்சிராயபாளையம் வழியாக அங்கு வந்து சேர நேரமாகத்தான் செய்கிறது. ஆகவே, எந்த வலிக்குப் பொறுத்திருக்கலாம், எந்த வலிக்குப் புறப்பட வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

கர்ப்ப காலத்தில் வயிறு இலேசாக இழுத்துப் பிடிப்பதும், தொட்டால் சற்றே வலிப்பதும் பெரும்பாலும் இயற்கையே. நாலாம் மாதத்திற்குப் பின் கருப்பை விரைவாக வளர்கிறது. அதனை இருபுறமும் தாங்கி நிற்கும் தசைநார்கள் நீள்கின்றன. அதனால் சட்டென எழுந்தாலும், புரண்டு படுத்தாலும், இருமினாலும் அடிவயிற்றில் ஒரு சுரீர் வலி தோன்றி மறையும். மலச்சிக்கலும் வாயுவும்கூட வலியை உண்டாக்கும். பிந்திய மாதங்களில் வயிறு இறுகித் தளர்வதைச் ‘சூட்டு வலி’ என்கிறோம். இவ்வலி ஒழுங்கின்றி வரும். தண்ணீர் அருந்தி, இடப்புறமாகச் சாய்ந்து ஓய்வெடுத்தால் தணியும்.

ஆனால், எல்லா வலிக்கும் ‘சூட்டு வலி’ என்றே பெயரிட்டுச் சீரகத் தண்ணீரைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவதில்தான் அபாயம் இருக்கிறது. உதிரப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, காய்ச்சல், நீர்க்கடுப்பு, மயக்கம் இவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் தாமதிக்கலாகாது. முதல் மூன்று மாதங்களில் ஒருபக்கமாக எழும் கடும் வலி, கரு கருப்பைக்கு வெளியே தங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். வயிறு கல்லைப்போல் இறுகித் தளராமல் நிற்பதும், 37 வாரம் நிறையுமுன் வலி ஒழுங்காக விட்டுவிட்டு வருவதும், சிசுவின் அசைவு குறைவதும் அபாயமே. ஐந்தாம் மாதத்திற்குப் பின் மேல்வயிற்று வலியுடன் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால், இரத்த அழுத்தம் ஏறியிருக்கக்கூடும். வைத்தியரைக் கேளாமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கொடுத்தல் தகாது.

சாமை அறுவடையிலும் மரவள்ளிக் காட்டிலும் வேலை நிற்குமே என்று வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே உண்டு. சொன்னால் கேட்பார் உண்டு என்ற நம்பிக்கையை அவர்களுக்கு அளிப்பது குடும்பத்தாரின் கடமை. சுமை தூக்கும் வேலையை ஆடவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை யாது? கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்து, ஊரிலுள்ள கர்ப்பிணிகளையும் அவர்களுடைய பிரசவ மாதத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2008 முதல் இயங்கிவரும் 108 ஊர்தி எதுவரை வரும், அதுவரை கொண்டுசேர்க்க யாருடைய வண்டி தயார், கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காத ஊரில் எந்த மேட்டில் நின்றால் கிடைக்கும் என்பவற்றை இன்றே தீர்மானித்துவிட வேண்டும். நள்ளிரவில் வலி கண்ட பிறகு இவற்றை யோசிக்க அவகாசம் இராது. மழையில் பழுதாகும் பாதையைப் பிரசவ மாதத்திற்கு முன்பே செப்பனிடுதலும் தாய்க்குச் செய்யும் வைத்தியமே.

சூட்டு வலி என்று தெரிந்து திரும்பி வந்தால், வீணானது ஒரு பயணம் மட்டுமே. புறப்படாமல் இருந்துவிட்டால் இழப்பது இரண்டு உயிராக இருக்கலாம். இதனை நாம் மறவாதிருப்போமாக.